ஜூலையில் ஒழுங்காக வந்த அலுமினா புஷ் மார்ச்சில் ஏன் வெடிக்கிறது?

கேள்வி இது. ஓசூர் பக்கம் ஒரு சிறிய யூனிட், அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பீங்கானில் புஷ், அதாவது குழல் வடிவ உருப்படி, செய்கிறார்கள். ஸ்ப்ரே டிரையரில் (கூழைத் துளிகளாகத் தெளித்து உலர்த்தும் கருவி) எடுத்த 96% அலுமினா பவுடர், அதில் துகள்களை ஒட்ட 2% பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) பைண்டர், ஹைட்ராலிக் பிரஸ், 100 மெகாபாஸ்கல் அழுத்தம். மழைக்காலத்தில் நன்றாக வந்த புஷ்கள் மார்ச் பிறந்ததும் ஓரம் உதிர்கின்றன. டையை (அச்சை) விட்டு வெளியே வரும்போதே குறுக்கே கோடு விழுகிறது. பைண்டரை 3% ஆக்கினார்கள், இன்னும் மோசமானது. பவுடர் மேல் தண்ணீர் தெளித்துக் கலந்தார்கள், டைக்குள் இறங்கி அழுத்தும் தண்டான பஞ்ச் மேல் ஒட்டிக்கொண்டது. "ஈரம் எத்தனை சதவீதம், பைண்டர் எத்தனை சதவீதம் வைத்தால் சரியாக வரும்?" என்று கேட்கிறார் நண்பர்.

இரண்டையும் இரண்டு தனி எண்ணாகக் கேட்கிற வரை இதற்குப் பதில் கிடைக்காது. அலுமினா மாதிரி களிமண் இல்லாத பவுடரில் தண்ணீருக்கு இருக்கும் முக்கிய வேலை ஒன்றுதான்: பைண்டரை இளக்குவது. ஆகவே பார்க்க வேண்டியது, பஞ்ச் இறங்கும் அந்த நொடியில் பைண்டர் இளகி இருக்கிறதா, விறைத்து இருக்கிறதா என்பது. மார்ச்சில் உங்கள் பைண்டர் விறைத்துக் கிடக்கிறது. அளவைக் கூட்டினீர்கள், விறைப்பான சரக்குதான் கூடியது.

டைக்குள் விழுவது தனித்தனி அலுமினாத் துகள் அல்ல, குறுணை. ஒரு குறுணை 50 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். அதற்குள் அரை மைக்ரான், ஒரு மைக்ரான் அளவுள்ள துகள்கள் லட்சக்கணக்கில் பைண்டரால் ஒட்டிக் கிடக்கும். டையை நிரப்பியதும் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் திடப்பொருள், மற்றதெல்லாம் காற்று. பஞ்ச் இறங்கத் தொடங்கியதும் குறுணைகள் முதலில் சரிந்து இடம் பிடிக்கும். அழுத்தம் ஒரு மெகாபாஸ்கல் அளவை நெருங்கும்போது குறுணைகளே நசுங்கத் தொடங்கும். நசுங்கி, பக்கத்துக் குறுணையோடு முகத்தோடு முகம் பொருந்தி, நடுவிலுள்ள பெரிய இடைவெளிகளை அடைக்கும். அதற்கு மேல் ஏறும் அழுத்தம் முழுவதும் குறுணைக்கு உள்ளே இருக்கும் நுண்துகள்களை நெருக்கப் போகிறது. 100 மெகாபாஸ்கலில் வந்து நிற்கும்போது அடர்த்தி 55, 57 சதவீதம் இருந்தால் நல்ல பிரஸ்ஸிங்.

வெற்றி தோல்வி முடிவாவது நடுக்கட்டத்தில். குறுணைகள் நசுங்கி ஒன்றோடொன்று கலந்துவிட வேண்டும். அவற்றின் எல்லைக்கோடு மறைய வேண்டும். மறையாமல் நின்றால் சுடாத உருப்படிக்குள் பலவீனமான வலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஓரம் உதிர்வது அந்த வலையின் வழியாகத்தான். உதிராமல் தப்பித்துச் சூளைக்குப் போனாலும், குறுணைகளுக்கு நடுவே நின்றுவிட்ட பெரிய துளைகளை சின்டரிங் (சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து இறுகுவது) மூடாது. துகள்களுக்கு நடுவேயுள்ள சிறு துளைகள் மூடும், பெரியவை அப்படியே தங்கும். சுட்ட பிறகு உடைத்துப் பார்க்கும் முகத்தில் முறிவு தொடங்கிய இடத்தைத் தேடினால் பல சமயம் அங்கே உட்கார்ந்திருப்பது இப்படி ஒரு துளைதான்.

இனி பிவிஏவுக்கு வருவோம். நன்றாகக் காய்ந்த பிவிஏ ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வரை கண்ணாடி நிலையில் இருக்கும்: விறைப்பு, நொறுங்கும் தன்மை. அந்த வெப்பநிலையைத் தாண்டினால் ரப்பர் போல இளகும். இதைக் கண்ணாடி மாற்ற வெப்பநிலை என்பார்கள். தண்ணீர் மூலக்கூறுகள் பிவிஏ சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்தால் இந்த வெப்பநிலை மளமளவென்று இறங்கும்.

எவ்வளவு இறங்கும் என்பதற்கு ஒரு முரட்டுக் கணக்கு. பவுடரில் ஈரம் 0.3% என்று உங்கள் மீட்டர் காட்டுகிறது. பார்த்தால் ஒன்றுமில்லாத எண். ஆனால் 100 கிராம் பவுடரில் 2 கிராம் பிவிஏ, 0.3 கிராம் தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுவதும் பிவிஏவுக்குள் போயிருந்தால், பைண்டர் எடையில் அது 15%. கலவையின் மாற்ற வெப்பநிலையை மதிப்பிடும் ஃபாக்ஸ் சமன்பாட்டில் இதைப் போட்டால் 80 டிகிரியில் இருந்த மாற்ற வெப்பநிலை 20 டிகிரி பக்கம் வந்து நிற்கிறது. நடைமுறையில் கொஞ்சம் தண்ணீரை அலுமினாவின் மேற்பரப்பு பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் அவ்வளவு கீழே போகாது. ஆனாலும் திசை தெளிவு. 0.3% ஈரத்தில் உங்கள் பைண்டர் பிரஸ் ரூம் வெப்பநிலையில் இளகியோ, இளகும் நிலைக்கு நெருங்கியோ இருக்கும். 0.1% ஆகக் காய்ந்தால் அதே பைண்டர் விறைப்பாக இருக்கும். ஓசூரில் மழைக்காலக் காற்றின் ஈரப்பதமும் மார்ச் மதியத்தின் ஈரப்பதமும் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கே தெரியும். மதியம் 30% பக்கம் இறங்கும்போது திறந்து வைத்த ஹாப்பரில் (பிரஸ்ஸுக்குப் பவுடர் ஊட்டும் தொட்டி) பவுடர் காய்ந்துகொண்டே இருக்கும்.

இதை முறையாகச் சோதித்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஆல்ஃப்ரட் பல்கலைக்கழகத்தில் டிமிலியாவும் ரீடும். 1983-இல் வந்த அவர்களுடைய ஆய்வு, பவுடர் அமுங்கும் விதத்தைப் பைண்டரின் கண்ணாடி மாற்ற வெப்பநிலையோடு நேரடியாகக் கோத்தது. இவ்வளவு காலம் கழிந்தும் பல யூனிட்களில் பிவிஏ சதவீதத்தை மட்டும் பேட்ச் கார்டில் எழுதுகிறார்கள், பவுடர் எந்த ஈரத்தில் பிரஸ்ஸுக்குப் போனது என்று எழுதுவதில்லை. பாதித் தகவலை வைத்துக்கொண்டு மீதியை ஆபரேட்டர் தலையில் கட்டுகிறோம் என்பது என் எண்ணம்.

பைண்டர் விறைத்த நிலையில் அழுத்தினால் என்ன ஆகும்? குறுணை நசுங்க வேண்டிய அழுத்தம் மேலே போகும். நசுங்குவதற்குப் பதில் சில குறுணைகள் உடையும், சில அப்படியே உருண்டையாகத் தங்கும். ஒட்ட வேண்டிய பைண்டர் படலங்கள் விறைப்பாக இருப்பதால் முகம் பொருந்தினாலும் ஒன்றோடொன்று கலக்காது. இதற்கிடையே, கொடுத்த அழுத்தத்தில் ஒரு பகுதியை உருப்படி ஸ்பிரிங் போலத் தேக்கி வைத்திருக்கிறது. பஞ்ச் மேலே போனதும், டையிலிருந்து தள்ளியதும் அது விரியும். இந்த ஸ்பிரிங் பேக் எப்போதும் கொஞ்சம் இருக்கும், முழுக்க ஒழிக்கவும் கூடாது, பஞ்சின் முகத்திலிருந்து கழன்று வர அது உதவுகிறது. ஆனால் ஒட்டு பலவீனமாக இருக்கும்போது ஒரு சதவீத விரிவே விரிசலுக்குப் போதும். உருப்படியின் மேல்பகுதி டையை விட்டு வெளியே வந்து விரிகிறது, கீழ்ப்பகுதி இன்னும் டைக்குள் இறுகி நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் குறுக்குக் கோடு. நீங்கள் சொல்லும் கோடு அதுதான்.

3% பைண்டர் ஏன் கெடுத்தது என்பதும் இங்கேயே கிடைக்கிறது. 2% என்பது எடையில். பிவிஏவின் அடர்த்தி 1.3 அளவு, அலுமினாவுக்கு 4-க்கு அருகில். கன அளவில் பார்த்தால் 2% பிவிஏ திடப்பொருளில் 6% இடத்தைப் பிடிக்கிறது. 3% ஆக்கினால் 9%. விறைத்த பிளாஸ்டிக்கை அவ்வளவு உள்ளே வைத்து அழுத்தினால் ஸ்பிரிங் பேக் கூடும், அடர்த்தி குறையும்.

இன்னொன்றும் நடக்கிறது. ஸ்ப்ரே டிரையரில் துளி காயும்போது தண்ணீர் உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் பிவிஏ அதோடு சேர்ந்து வெளிப்பக்கம் வந்து படிந்துவிடும். குறுணையின் தோல் பகுதியில் பைண்டர் அதிகம், உள்ளே குறைவு. சேர்க்கும் பைண்டரைக் கூட்டினால் அந்தத் தோல்தான் முதலில் தடிக்கிறது. ஜப்பானின் நகாவோகா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உயேமட்சு குழுவினர் இதை அழகாகக் காட்டினார்கள். அலுமினாவின் ஒளிவிலகல் எண் 1.76. அதற்கு நெருங்கிய எண்ணுள்ள திரவத்தில் குறுணையையோ அழுத்திய உருப்படியையோ ஊறவைத்தால் ஒளி ஊடுருவத் தொடங்கும், சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே உள்ளே இருக்கும் குழி, எல்லைக்கோடு எல்லாம் தெரியும். அழுத்தி முடித்த பிறகும் குறுணைகளின் எல்லை அழியாமல் நிற்பதை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தோல் இளகி இருந்தால் அதுவே நல்ல பசை. விறைத்து இருந்தால் அதுவே ஓடு.

தண்ணீர் தெளித்த கதைக்கு வருகிறேன். அந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. புட்டுக்கு மாவு பிசிறுவது போலத்தானே: பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். டைல்ஸ் பவுடருக்கு இந்த நினைப்பு ஓரளவு செல்லும். குஜராத்தின் மோர்பியில் தரை டைல் அழுத்தும் யூனிட்களில் ஸ்ப்ரே டிரையரிலிருந்து வரும் களிமண் கலவையிலேயே 5 முதல் 7 சதவீதம் ஈரம் இருக்கும்படி வைப்பார்கள். அங்கே தனியாக பிவிஏ வேண்டியதில்லை. களிமண் தகடுகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீரே அவற்றை வழுக்க வைக்கிறது, பிடித்தும் வைக்கிறது. ஈரம் குறைந்தால் டைல் அடுக்கடுக்காகப் பிரியும். கூடினால் பஞ்சில் ஒட்டும், பவுடர் சீராக இறங்காது, மிகவும் இறுகிய உடலுக்குள் காற்று போகாமல் சுடும்போது நடுவில் கறுப்பும் தங்கிவிடும்.

அங்கே மேல் எல்லை ஏன் வருகிறது என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். அழுத்திய டைலின் உலர் அடர்த்தி 1.95, திடப்பொருளின் அடர்த்தி 2.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் பங்கு வெற்றிடம். 6% ஈரம் இருந்தால் அந்த வெற்றிடத்தில் ஏறத்தாழ பாதி தண்ணீர், மீதி காற்று. காற்று வெளியேறி வழிவிடும். 12% ஆக்கினால் வெற்றிடம் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். தண்ணீர் அமுங்காது. அதற்கு மேல் எவ்வளவு டன் கொடுத்தாலும் தண்ணீர் அழுத்தத்தைத் தாங்குமே தவிர, துகள்கள் நெருங்காது. சாலை போடுபவர்களுக்குப் பழக்கமான, 1933-இல் லாஸ் ஏஞ்சலஸ் பொறியாளர் ப்ராக்டர் வெளியிட்ட மண் இறுக்கச் சோதனையின் வளைகோடும் இதே காரணத்தால்தான் ஓர் உச்சிக்குப் பிறகு இறங்குகிறது. சிவில் படித்த ஒருவர் அந்த வளைகோட்டை அப்படியே அலுமினாவுக்கு வரைந்து, "ஆப்டிமம் மாய்ஸ்சர் 4 சதவீதம்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அலுமினாவில் களிமண் இல்லை. 4% தண்ணீர் அங்கே துகள்களுக்கு நடுவே திரவமாக நிற்கும், பிவிஏவைக் கரைத்துக் கூழாக்கும், பஞ்சில் பிடிக்கும்.

தெளிப்பதில் இன்னொரு கேடும் உண்டு. துளி விழுந்த இடத்துக் குறுணை மட்டும் நனைந்து பக்கத்துக் குறுணைகளோடு கட்டியாகிறது, ஒரு விரல் தள்ளியிருப்பது காய்ந்தே இருக்கிறது. அந்தக் கட்டிகள் டையில் சீராக விழாது. சராசரி ஈரம் சரியாக வந்தாலும் பலன் இல்லை. ஈரத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் ஆவியாகத்தான் சேர்க்க வேண்டும், பொறுமையாக.

ஜூலையில் எல்லாம் சரியாக இருந்தது என்ற நினைப்பையும் கொஞ்சம் சந்தேகிக்கச் சொல்வேன். விரிசல் இல்லை, அது உண்மை. ஆனால் பைண்டர் அதிகமாக இளகிய நாட்களில் அதே 100 மெகாபாஸ்கலில் அடர்த்தி கொஞ்சம் கூடியிருக்கும். அடர்த்தி மாறினால் சுட்ட பின் அளவு மாறும். டையில் 36 மில்லிமீட்டர் விட்டம், சுட்ட பிறகு 95% அடர்த்தி, சுருக்கம் எல்லாத் திசையிலும் சமம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். சுடுவதற்கு முன் 55% அடர்த்தி இருந்தால் 30.0 மில்லிமீட்டர் வரும். 56% இருந்தால் 30.2. ஒரே ஒரு சதவீதப் புள்ளிக்கு 0.2 மில்லிமீட்டர் போய்விட்டது. அளவு ஓடுகிறது என்று சூளையைத் திட்டிக்கொண்டிருக்கும் பல இடங்களில் நான் முதலில் கேட்பது பவுடர் ட்ரம்முக்கு மூடி இருக்கிறதா என்றுதான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் அளக்க வேண்டும். ஈரம் 0.1 சதவீதமா 0.3 சதவீதமா என்பதே கேள்வி என்றால், 10 கிராம் மாதிரியில் வித்தியாசம் 20 மில்லிகிராம்தான். சாதாரணத் தராசு இதற்கு உதவாது. ஒரு மில்லிகிராம் காட்டும் தராசும், 105 டிகிரியில் எடை நிலைக்கும் வரை உலர்த்தும் பொறுமையும் வேண்டும். மாதிரியை ஹாப்பரின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் டைக்குள் பவுடரைக் கொட்டும் ஃபீட் ஷூவிலிருந்தும் எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாதது சகஜம்.

அடுத்தது, பணம் அதிகம் செலவாகாத ஒரு சோதனை. காற்றுப் புகாத டப்பாக்கள் சில எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மெக்னீசியம் குளோரைடு, இன்னொன்றில் மெக்னீசியம் நைட்ரேட், மூன்றாவதில் சமையல் உப்பு, மூன்றும் தண்ணீரில் கரையாமல் கொஞ்சம் அடியில் தங்கும் அளவுக்குப் போட்ட கரைசலாக. 25 டிகிரியில் இவற்றின் மேலுள்ள காற்றின் ஈரப்பதம் முறையே 33, 53, 75 சதவீதத்தில் தானே நிற்கும். கரைசலில் படாமல் தட்டில் பவுடரை மெல்லப் பரப்பி உள்ளே வையுங்கள், எடை மாறாமல் நிற்கும் வரை விடுங்கள். பிறகு மூன்றையும் ஒரே சிறிய டையில் 1, 3, 10, 30, 100 மெகாபாஸ்கல் என்று அழுத்தி, அடர்த்தியை அழுத்தத்தின் மடக்கை அளவுக்கு எதிரே வரையுங்கள். கோடு முதலில் கிட்டத்தட்டப் படுத்தே போகும், ஓர் இடத்தில் மடங்கி மேலே ஏறும். மடங்கும் இடம்தான் குறுணை நசுங்கத் தொடங்கும் அழுத்தம். காய்ந்த பவுடரில் அது வலப்பக்கம் தள்ளி இருப்பதைக் கண்ணால் காண்பீர்கள். ஒவ்வொன்றிலும் சில வில்லைகளை விளிம்பில் நிறுத்தி, விட்டத்தின் வழியாக நசுக்கி உடைத்து வலிமையையும் எடுத்துவிடுங்கள். உங்கள் பவுடருக்கு எந்த ஈரப்பதம் வேண்டும் என்பதை இந்த வரைபடம் சொல்லும். என்னைப் போன்றவர்கள் தூரத்தில் உட்கார்ந்து சொல்லும் எண்ணைவிட இது நம்பகமானது.

அதன் பிறகு பிளாஸ்டிசைசர். பாலிஎத்திலீன் கிளைக்கால் 400 என்ற திரவம் இந்த வேலைக்குப் பழையது, மலிவு. தண்ணீர் செய்யும் அதே இளக்கும் வேலையைச் செய்யும், மார்ச் வெயிலில் ஆவியாகி ஓடாது. பிவிஏ எடையில் பத்தில் ஒரு பங்கு என்று தொடங்கி மேலே போய்ப் பாருங்கள். கூடினால் சுடாத உருப்படியின் வலிமை இறங்கும், பஞ்சில் பிடிக்கத் தொடங்கும், ட்ரம்மில் குறுணைகள் ஒன்றோடொன்று ஒட்டும். அதுவும் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் பொருள்தான். ஆகவே மார்ச்சுக்கு அளந்து போட்டது ஜூலையில் அதிகமாகிவிடலாம். பைண்டரைத் திரும்ப 2% ஆக்கிவிட்டு இதைச் செய்யுங்கள், 3% வைத்துக்கொண்டு அல்ல.

பிவிஏவிலேயே ரகம் உண்டு. 98 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரோலிசிஸ் (தயாரிப்பில் அசிடேட் பகுதிகள் ஆல்கஹாலாக மாறுவது) ஆனது கொதிக்கும் அளவுச் சூட்டில்தான் கரையும், படிகத் தன்மை அதிகம், காய்ந்தால் கூடுதல் விறைப்பு. 88 சதவீத ரகம் எளிதில் கரையும், கொஞ்சம் நெகிழ்வானது, நுரை மட்டும் தொல்லை. மூலக்கூறு எடை குறைந்த ரகம் பெரும்பாலும் நன்றாக நசுங்கும், உருப்படியின் வலிமை கொஞ்சம் குறையும். அக்ரிலிக் எமல்ஷன் பைண்டர்களும் இருக்கின்றன. அவை தண்ணீரில் கரையாமல் சிறு துளிகளாக மிதப்பவை, அதனால் காயும்போது தோலுக்கு ஓடுவது குறைவு, காற்றின் ஈரப்பதத்துக்கும் அவ்வளவு ஆடுவதில்லை. விலை கூட. ஓரம் உதிர்ந்து வீணாகும் உருப்படிகளின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ட்ரம்முக்குள் பாலிதீன் பை, பையின் வாய் கட்டி, மேலே மூடி. இதைச் செய்யாமல் மற்றது எதைச் செய்தும் பயனில்லை. ஹாப்பரில் ஒரு ஷிஃப்ட் முழுவதற்கும் கொட்டி வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள். பிரஸ் ரூமை முழுக்க ஏசி செய்ய வேண்டாம், ஹாப்பரைச் சுற்றி ஒரு மூடிய அறையும் ஒரு ஹியூமிடிஃபயரும் போதும்.

எல்லாப் பழியையும் பைண்டர் மேல் போட்டுவிட்டு டையை மறக்காதீர்கள். கோடு எப்போதும் ஒரே உயரத்தில் விழுந்தால் டைச் சுவரில் தேய்மானம் இருக்கலாம், விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். வெளியேறும் வாயில் மெல்லிய சரிவு இருந்தால் உருப்படி திடீரென்று விரியாமல் மெல்ல விரியும். பஞ்சை மேலே தூக்கும்போது கொஞ்சம் அழுத்தத்தை வைத்துக்கொண்டே வெளியே தள்ள உங்கள் பிரஸ் இடம் கொடுத்தால் அதைப் பயன்படுத்துங்கள். மிக வேகமாக அழுத்தினால் காற்று உள்ளே சிக்கும், அதுவும் அடுக்கு விரிசல் மாதிரிதான் தெரியும். பிரஸ்ஸின் வேகத்தைப் பாதியாக்கி ஒரு டஜன் உருப்படி எடுத்துப் பாருங்கள். கோடு மறைந்தால் காற்று, மறையாவிட்டால் பைண்டரோ டையோ. உயரம் விட்டத்தைவிட அதிகமான புஷ் என்றால் சுவர் உராய்வில் அழுத்தம் கீழே போய்ச் சேராது, அதற்கு ஸ்டியரேட் மசகும் இரு பக்கமிருந்தும் அழுத்துவதும்தான் வழி. ஸ்டியரேட்டை அள்ளிப் போடாதீர்கள். குறுணையின் முகத்தில் அது படிந்தால் பைண்டர் படலங்கள் ஒட்டுவதையே தடுக்கும். அரை சதவீதத்துக்கு மேல் போக எனக்கு மனம் வராது.

பைண்டரின் அளவையோ ரகத்தையோ மாற்றியதும் பழைய சூளை நிரலை அப்படியே ஓட்டிவிட வேண்டாம். பிவிஏ பெரும்பாலும் 200-இலிருந்து 500 டிகிரிக்குள் எரிந்து போகிறது. அந்த இடைவெளியில் தடித்த உருப்படிகளுக்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாமல் முதல் பேட்சைப் போட்டு, வெட்டிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள்.